இலை கருகியது, கட்டை துளிர்த்தது: கர்னாலில் மூன்று குளிர்காலம்

ஜனவரி முதல் வாரம், விடியற்காலை ஐந்தே கால் மணி. மூடுபனி துளிகூட இல்லை. அரியானாவில் மூடுபனி அடர்ந்த இரவு கரும்புக்குப் பாதுகாப்பான இரவு. வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிந்து, காற்றும் நின்றுபோன இரவில்தான் 'பாலா' விழும். உறைபனிக்கு இந்த ஊரார் வைத்திருக்கும் பெயர் அது. டார்ச் அடித்துப் பார்த்தால் சோகை என்கிற காய்ந்த தோகை, இலை, வரப்புப் புல் எல்லாவற்றிலும் பொடியுப்பு தூவிய மாதிரி வெள்ளை. ஒரு இலையை மடக்கினேன், அப்பளம்போல மொறுமொறுத்தது. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் அதே இலை கொதிநீரில் போட்ட கீரையாய்க் கருத்துத் துவண்டது. மூன்றாம் நாள் வைக்கோல் நிறம்.

எனக்குச் சொந்த ஊர் உடுமலைப் பக்கம். அப்பா ஆலைக்குப் பதிந்து கரும்பு போட்டவர், கோ 86032 என்கிற ரகம். மார்கழிப் பனி என்றால் எங்களுக்குத் தலையில் துண்டு கட்டிக்கொள்வதோடு சரி. பனியில் கரும்பு சாகும் என்பதை இங்கே வந்த பிறகுதான் கண்ணால் பார்த்தேன். கர்னால் அருகே ஒரு சிறிய கரும்பு ஆய்வுப் பண்ணையில் களப்பணி என் வேலை. பனி தாங்கும் கரும்பு தேடி, கலப்பு விதையில் இருந்து நாற்று எழுப்பி, மூன்று குளிர்காலம் சோதித்த கதை இது. எங்கே தப்பாக அளந்தோம் என்பதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வருடம் மிச்சமாகும்.

இந்தப் பக்கம் ஆலைகள் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை அரைக்கும். பிப்ரவரிக் கடைசியிலோ மார்ச்சிலோ வெட்டின வயலில் மறுதாம்பு, அதாவது வெட்டிய கட்டையில் இருந்தே எழும்பும் அடுத்த பயிர், தழைத்து வரும். டிசம்பர், ஜனவரியில் வெட்டின வயலில் தூருக்குத் தூர் இடைவெளி விழுந்துவிடும். போக்கிடம் நிரப்ப நாற்று, அதற்குக் கூலி, அப்படியும் விளைச்சல் குறைவு. ஆலை உத்தரவுச் சீட்டு எப்போது வருகிறதோ அப்போது வெட்டித்தான் ஆகவேண்டும். தேதி விவசாயி கையில் இல்லை. அதனால் ரகம்தான் குளிரைத் தாங்கவேண்டும்.

இந்தத் தேவை புதிதல்ல. கோயம்புத்தூரில் 1912-ல் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியதன் பின்னணியிலேயே வட இந்தியக் கரும்பு இருந்தது. நிலையத்தின் முதல் பொறுப்பாளர் பார்பரும் அவருக்குப் பின் பொறுப்பேற்ற டி.எஸ். வெங்கட்ராமனும் எடுத்த முடிவு அன்றைக்குத் துணிச்சலானது. தித்திப்பான 'வெள்ளை' கரும்போடு, சர்க்கரையே இல்லாத காட்டு நாணலைக் கலந்தார்கள். அதில் பிறந்த கோ 205, 1918-ல் பஞ்சாபுக்கு வந்தது. கர்னால் அப்போது பஞ்சாபில்தான் இருந்தது. தாயின் குரோமோசோம் 80, கோவை நாணலின் குரோமோசோம் 64. பிள்ளைக்கு 80-ல் பாதியும் 64-ல் பாதியும் சேர்ந்து 72 வந்திருக்க வேண்டும், ஆனால் இருந்தது 112. தாய் தன் 80-ஐயும் முழுசாகக் கொடுத்துவிட்டது, தகப்பன் மட்டும் பாதி கொடுத்தது. நாணலோடு கலந்தும் சர்க்கரை ஒரேயடியாக விழாமல் இருந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். கர்னாலில் துணை நிலையம் 1932-ல் வந்தது. கோ 281, கோ 290 இரண்டும் கடல் தாண்டி, பனி விழும் அமெரிக்க மாநிலமான லூசியானா வரைக்கும் போய் வயலில் நின்றன.

எங்கள் முயற்சியும் அதே வழிதான். தாய் பக்கம் சர்க்கரை நிறைந்த ஒரு கோ ரகம், தகப்பன் பக்கம் நாணல் ரத்தம் கலந்து ஒரு தலைமுறை கடந்த செடி.

கலப்பு கோவையில்தான் நடக்கவேண்டும். கர்னாலில் சில ரகம் பூத்தாலும் அந்தக் குளிரில் மகரந்தம் உயிர்ப்போடு இருக்காது, விதை பிடிப்பது அரிது. கோவையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பூங்கதிர் வரும். நவம்பரில் மூன்று வாரம் அங்கேயே தங்கினேன். கரும்புப் பூ விடியலில் திறக்கும். ஆறு மணிக்குள் தகப்பன் கதிரில் இருந்து நாலைந்து மகரந்தப் பைகளை எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு, லென்ஸில் பார்ப்போம். மாவுச்சத்து நிறைந்த நல்ல மகரந்தம் கருநீலமாக மாறும், மலட்டு மகரந்தம் வெளிறியே கிடக்கும். தாயாக எடுக்கும் கதிரில் பெரும்பாலும் வெளிறியது இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தன் மகரந்தத்தையே தான் ஏற்றுக்கொள்ளும்.

கதிர் ஒரே நாளில் பூத்து முடிவதில்லை. உச்சியில் தொடங்கி அடிவரை இறங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அத்தனை காலையும் துணிக்கூண்டுக்குள் தகப்பன் கதிரைத் தாய்க் கதிருக்கு மேலே பிடித்து மெல்லத் தட்டவேண்டும். மஞ்சள் தூள் இறங்குவது வெயில் சாய்வாக விழும் அந்தச் சில நிமிடம் மட்டும் கண்ணுக்குத் தெரியும். நான் இந்த வேலையில் பார்த்த அழகான காட்சி அதுதான்.

நாலு வாரத்தில் கதிர் பழுத்து உதிரத் தொடங்கும்போது உருவி எடுத்தால் பஞ்சு மாதிரி வரும். விதை அந்த ரோமத்துக்குள் எங்கோ ஒளிந்திருக்கும், தூசியளவு. நன்றாக உலர்த்தி, பாலித்தீன் உறையில் அடைத்து, மைனஸ் 20-ல் வைத்துவிடுவார்கள். அந்தக் குளிரில் விதை கெடாது, உறைவதற்கு அதில் தண்ணீர் இல்லை. பின்னால் வரப்போகும் குழப்பத்துக்கெல்லாம் விடை இந்த ஒரு வரியில் இருந்தது. கரும்பைக் கொல்வது குளிர் என்கிற எண் அல்ல, உள்ளே உருவாகும் பனிக்கட்டி. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

கர்னாலில் ஏப்ரலில் விதைத்தோம். மணல், மண், மக்கிய எரு சம அளவு. பஞ்சைத் தட்டில் மெல்லிய போர்வையாகப் பரப்பி, தெளிப்பானால் நனைத்து, படிய அழுத்தி, பாலித்தீன் மூடினால் நாலாம் நாள் தலைமுடி கனத்தில் பச்சை தெரியும். முதல் பத்து நாள் ஒரு மதியம் காய்ந்தாலும் போச்சு, ஈரம் மிஞ்சினாலும் அழுகல். இரண்டு தட்டை அப்படித்தான் இழந்தோம். ஜூலையில் வயலுக்கு இறங்கியது 412 நாற்று. ஒவ்வொன்றும் தனி வகை, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க இந்த வட்டாரத்தின் கோ 0238 ஒரு வரிசை, எங்கள் ஊர் கோ 86032 ஒரு வரிசை.

முதல் குளிர்காலம்

வானிலை நிலையம் சொல்கிற எண்ணை நம்பிப் பனிச் சோதனை செய்யமுடியாது. அது மனிதன் உயரத்தில், நிழல் கூண்டுக்குள் எடுத்த காற்றின் வெப்பம். தெளிந்த இரவில் இலை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும், சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். அதனால் வயலுக்குள் முழங்கால் உயரத்தில் மூன்று, கொண்டை உயரத்தில் மூன்று என்று சென்சார் கட்டினேன். கட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த கூழில் அரைமணி நேரம் வைத்துப் பார்க்கவேண்டும், பூஜ்யம் காட்டவேண்டும். ஆறில் ஒன்று 0.7 கூடுதலாகக் காட்டியது. பனி விஷயத்தில் அந்த 0.7 பெரிய எண்.

நான் முதலில் சொன்ன அந்த விடியலில் வானிலைக் கூண்டு 1.8 டிகிரி. வயலுக்குள் கொண்டை உயரத்தில் மைனஸ் 1.9.

மூன்று நாள் கழித்து இலைக்கு மதிப்பெண் போட்டோம். ஒன்று என்றால் பச்சை, ஐந்து என்றால் முழுக்கக் கருகல். கோ 86032 வரிசை ஐந்து. அந்த வரிசையில் நடந்தபோது அப்பாவின் வயல் ஞாபகம் வந்து, நின்று பார்க்க முடியவில்லை. 412-ல் ஒன்று, இரண்டு வாங்கிய 150 நாற்றுக்கு மஞ்சள் பட்டை கட்டினேன். பாக்கி 262-ஐக் கழித்தாயிற்று என்று நோட்டில் எழுதினேன். ஜனவரி நடுவில் எல்லாவற்றையும் தரையோடு வெட்டினோம், கழித்தவற்றைத் தூரோடு பறித்து உழுதுவிடுவதாக ஏற்பாடு.

பிப்ரவரியில் மழை பிடித்துக்கொண்டது. நிலம் காயாமல் டிராக்டர் இறக்க முடியவில்லை. மார்ச் இரண்டாம் வாரம் டிராக்டருக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வயல் பெரியவர் வரப்பில் வந்து நின்றார். இங்கே மூத்தவர்களைத் தாவூ என்போம், பெரியப்பா மாதிரி.

"எதைப் பறிக்கப் போகிறாய் பேட்டா?"

"பட்டை இல்லாததை எல்லாம், தாவூ. பனியில் போனவை."

"போனது எது? எனக்கு எல்லாம் தலைகீழாகத் தெரிகிறதே."

உட்கார்ந்து எண்ணினேன். கழித்த 262-ல் 61 தூர், ஒவ்வொன்றும் எட்டு, பத்து முளையோடு நின்றது. அதில் பெரும்பாலானவை ஜனவரியில் நாலு, ஐந்து மதிப்பெண் வாங்கியவை. மஞ்சள் பட்டை கட்டிய 150-ல் 40 தூர் எழும்பவே இல்லை, தோண்டிப் பார்த்தால் கட்டை கருத்திருந்தது.

அன்றைக்கு டிராக்டரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மழை பெய்யாமல் இருந்திருந்தால் அந்த 61-ம் மண்ணாகியிருக்கும். இதை நினைத்தால் இன்னும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

யோசித்தால் நாணல் குணமே இதுதான். யமுனைக் கரையில் ஒவ்வொரு குளிருக்கும் காந்ஸ் புல், அதாவது அந்தக் காட்டு நாணல், மேலே காய்ந்து சருகாகும். அது இலையைக் காப்பாற்றுவதே இல்லை. தரைக்கு அடியில் கிழங்குபோல் ஓடும் தண்டில் பருவை, அதாவது முளைக்கும் மொட்டை, வைத்துக்கொண்டு, சூடு வந்ததும் எழும்பும். அந்த ரத்தத்தைத் தேடித்தான் கலப்பு செய்தோம், பிள்ளைகளை மட்டும் இலை பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். கருகாத இலையும் எழும்பும் கட்டையும் ஒரே செடியில் சேர்ந்து வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஐஸ்கிரீம் பெட்டி

வயலில் உறைபனி நம் சவுகரியத்துக்கு விழாது. சில வருடம் ஒன்றுமே விழாமல் போகும். எனவே இரண்டாம் குளிருக்கு ஒரு செயற்கை ஏற்பாடு. கடை ஒன்றில் கழித்துப்போட்ட ஐஸ்கிரீம் பெட்டி கிடைத்தது. அதில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைப் பூட்டி, மணிக்கு இரண்டு டிகிரி வீதம் இறங்கும்படி அமைத்தோம். வயலில் பனி அப்படித்தான் மெதுவாக இறங்கும். சட்டென்று இறக்கினால் உயிரணுவுக்குள்ளேயே பனிக்கட்டி உருவாகி எந்த ரகமும் செத்துவிடும். பெட்டிக்குள் மேலுக்கும் அடிக்கும் இரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தது, கம்ப்யூட்டர் விசிறி ஒன்றை வைத்த பிறகு சரியானது.

சோதனை ஒற்றைப் பருக் கரணையில், அதாவது ஒரே ஒரு பரு உள்ள தண்டுத் துண்டில். வகைக்கு 20 கரணை, தண்டின் நடுப்பகுதியில் இருந்து. நனைத்த சாக்குத்துணியில் சுற்றி, பெட்டிக்குள் அடுக்கி, குறித்த எண்ணில் இரண்டு மணி நேரம் நிறுத்தி, பிறகு நாலு டிகிரியில் ஓர் இரவு வைத்து மெல்ல உருகவிட்டு, மணல் தட்டில் 30 டிகிரிச் சூட்டில் நட்டு, 21-ம் நாள் முளை எண்ணுவது.

லூசியானாக்காரர்கள் பல பத்தாண்டாகப் பனியடித்த கரும்பைப் பார்த்துப் பார்த்துச் சொல்லும் கணக்கு ஏறக்குறைய இப்படி: மைனஸ் 2 பக்கம் இலை போகும், மைனஸ் 3-ஐ ஒட்டி நுனிக் குருத்து சாகும், மைனஸ் 4 வாக்கில் பக்கப் பரு, மைனஸ் 5.5 தாண்டினால் தண்டே வெடிக்கும். எத்தனை மணி நேரம் நீடித்தது என்பதையும் பொறுத்தது.

எங்கள் முதல் சுற்றில் மைனஸ் 4.5-க்கு இறக்கிய 12 வகையில் ஏழு, கிட்டத்தட்ட எல்லாப் பருவும் முளைத்து நின்றது. கோ 86032-ம் முளைத்தது. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. கோவையில் கலப்பு கற்றுக்கொடுத்த அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, மைனஸ் நாலரைக்கு இறக்கியும் பரு பச்சையாவே இருக்குதுங்க."

"எப்ப உறைஞ்சுதுன்னு பாத்தயா கண்ணு?"

"அதானுங்க, மைனஸ் நாலரை..."

"அது பொட்டியோட எண்ணு. கரணை உறைஞ்சுதான்னு கேக்கறேன்."

கரணை உறையவே இல்லை. தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே போனவுடன் கட்டியாகிவிடும் என்று பள்ளியில் படித்தது பாதி உண்மை. பனிக்கட்டி உருவாக ஒரு தொடக்கம் வேண்டும், தூசியோ, சில பாக்டீரியாவோ, ஏற்கெனவே உறைந்த ஒரு துளியோ. அது இல்லாவிட்டால் மைனஸ் 4, 5 வரைக்கும் நீராகவே நிற்கும். சுத்தமாகக் கழுவி, மூடிய பெட்டிக்குள், அசையாமல் வைத்த கரணைக்கு அந்தத் தொடக்கம் கிடைக்கவில்லை. வயலிலோ இலை, பரு, சோகை எல்லாவற்றின் மேலும் பனித்துளி இருக்கும். துளி முதலில் உறைந்து உள்ளே விதைக்கும்.

அதன் பிறகு ஒவ்வொரு வகையிலும் ஒரு கரணையில், பருவுக்கு அடியில் ஊசி சென்சாரைச் செருகினேன். பெட்டி மைனஸ் 1.5-ஐத் தொட்டதும் கதவைத் திறந்து, சாக்கின் மேல் சீவிய ஐஸைத் தூவி மூடினேன். திரையில் கோடு கீழே போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று ஒரு வகையின் கோடு மட்டும் மேலே குதித்து, மைனஸ் 1.2-ல் பாய் விரித்த மாதிரி நின்றது. உறையும்போது தண்ணீர் வெளியே விடும் வெப்பம் அது. அந்தக் குதிப்புத்தான் 'இப்போது உள்ளே பனிக்கட்டி' என்கிற செய்தி. இரவு இரண்டு மணிக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பன்னிரண்டு கோடும் குதித்ததைப் பார்த்தபின்தான் தூங்கப் போனேன்.

தித்திப்பான கரும்பு உறையாது என்று இங்கே ஒரு நம்பிக்கை உண்டு. சர்க்கரை உறையும் புள்ளியை இறக்கத்தான் செய்யும், ஆனால் 18 பிரிக்ஸ், அதாவது நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு சர்க்கரை கரைந்த சாற்றுக்கு அந்த இறக்கம் 1.2 டிகிரிதான். அதை நம்பி ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

சரியாக உறையவைத்த பிறகு மைனஸ் 3-லேயே கோ 86032-ன் பரு ஒன்றும் மிஞ்சவில்லை. நறுக்கிப் பார்த்தால் பருவின் நடுக்குருத்து பழுப்பு நிறக் களியாக இருந்தது. எங்கள் நாற்றுகளில் மைனஸ் 4 தாண்டி பாதிக்கு மேல் முளைத்தவை ஒன்பதே வகை. முதல் சுற்றின் ஏழு 'வெற்றி'யில் இரண்டுதான் இந்த ஒன்பதில் இருந்தது. முதல் சுற்று முடிவுகள் எழுதிய பக்கங்களின் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டேன். கிழிக்கவில்லை, அடுத்து வருகிறவர் பார்க்கவேண்டும்.

இலைக்கும் இன்னொரு வழி வைத்தோம். உறைந்து உருகிய இலைத்துண்டைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, நீரின் மின்கடத்தலை அளந்து, பிறகு அதே துண்டைக் கொதிக்கவைத்து மறுபடி அளப்பது. உயிரணுவின் சவ்வு கிழிந்தால் உப்பு வெளியே கசியும், கசிவு எத்தனை சதவீதம் என்று பார்த்தால் சேதம் தெரியும். கண்ணால் போடும் மதிப்பெண்ணைவிட நேர்மையானது. ஆனால் அதுவும் இலையைப் பற்றித்தான் பேசும்.

மண்ணுக்குள் ஒரு சென்சார்

இங்கே எனக்கு ஒரு நெருடல் வந்தது. பெட்டியில் நன்றாகத் தேறிய ஒன்பதில் நாலு, வயலில் மறுதாம்பில் சுமார்தான். வயலில் தழைத்த 61-ல் பல, பெட்டியில் மைனஸ் 3.5-லேயே போய்விட்டன. எந்தச் சோதனை பொய்?

இரண்டும் பொய்யல்ல. ஒரு உறைபனி இரவுக்கு முன், வெட்டிய கட்டைக்குப் பக்கத்தில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் சென்சாரைப் புதைத்தேன். காலையில் மேலே மைனஸ் 1.4, மண்ணுக்குள் 7.6. களிமண், ஈரமும் இருந்தது. மறுதாம்பு எழும்பவேண்டிய அடிப்பருக்கள் அந்த 7.6-ல் படுத்திருக்கின்றன. அவை உறைவதே இல்லை. அவற்றுக்கு வந்த சோதனை வேறு: வாரக்கணக்கில் பத்து டிகிரிக்குக் கீழே, ஈரத்தில், வெட்டுக்காயத்தோடு, அழுகாமலும் உயிர்ச்சத்து தீராமலும் காத்திருப்பது. நான் தண்டின் நடுவில் இருந்து பருவை எடுத்து உறையவைத்துவிட்டு, மண்ணுக்குள் உறையாமல் கிடக்கும் பருவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கரும்பு எங்கே நிற்கப்போகிறது என்று முதலில் கேட்கவேண்டும். ஏப்ரல் வரை வெட்டாமல் நிற்கும் கரும்புக்குத் தண்டும் பக்கப்பருவும் உறையாமல் இருக்கவேண்டும். தண்டு உறைந்து வெடித்தால் அந்தப் பிளவு வழியாக பாக்டீரியா நுழைந்து சாற்றைப் புளிக்கவைக்கும், சர்க்கரை பிசினாக மாறி ஆலையில் பாகு கொழகொழக்கும். ஜனவரியில் வெட்டும் கரும்புக்கு அந்தக் கவலை இல்லை, அடிக்கட்டை குளிரில் எழும்பினால் போதும். லூசியானாக்காரர்களுக்கு முதலாவது பெரிய விஷயம். அரியானா விவசாயிக்கு, எல்லாத் தாவூவும் சொல்வதுபோல, மறுதாம்புதான் லாபம்.

மூன்றாம் குளிருக்கு இரண்டையும் பிரித்துச் சோதித்தோம். 38 வகையைத் தேர்ந்து, பிப்ரவரியில் கரணை நட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று இடத்தில் சிறு பாத்தி. ஒற்றைத் தூரை வைத்து முடிவெடுத்த முதல் வருடக் குறையும் இதில் தீர்ந்தது. பாதி வரிசையை டிசம்பர் 28-ல் வெட்டினோம், பாதியை நிறுத்தினோம். வெட்டியதில் மார்ச் முதல் வாரம் முளை எண்ணிக்கை. நின்றதில் பனிக்குப் பிறகு வாரம் ஒருமுறை சாறு பிழிந்து பிரிக்ஸும் புளிப்பும். மூக்கும் ஒரு கருவிதான், கெடத் தொடங்கிய தண்டை நறுக்கினால் பழைய கள்ளின் வாடை பிடிபடும். வெட்டிய வரிசையில் பாதிக்குச் சோகையைப் பரப்பியும் பார்த்தோம். சோகைக்குக் கீழே விடியலில் மண் ஒன்றரை டிகிரி கூடுதலாக இருந்தது. ஆனால் பிப்ரவரி நடுவில் அதை விலக்காவிட்டால் பகல் சூடு மண்ணுக்குப் போகாமல் முளை தாமதப்பட்டது.

38-ல் மறுதாம்பில் கோ 0238-ஐ மிஞ்சியவை ஐந்து. அதில் இரண்டு, எண் 27-ம் எண் 203-ம், நின்ற கரும்பிலும் தாங்கின. 203 முதல் வருடம் நான் கழித்த 262-ல் ஒன்று.

ஆனால் 27-ன் ஜனவரி பிரிக்ஸ் 16, 203-க்கு 13.5. தண்டு என் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் தடிமன், நார் அதிகம். இதை ஆலை வாங்காது. நாணல் குளிர்த் தாங்கலை மட்டும் தனியாகக் கொடுப்பதில்லை, தன் மெலிவையும் சப்பைத் தன்மையையும் சேர்த்தே கொடுக்கும். மறுபடி சர்க்கரை ரகத்தோடு கலக்கவேண்டும், அதன் பிள்ளைகளை மறுபடி குளிரில் நிறுத்தவேண்டும். வெங்கட்ராமன் காலத்தில் இருந்து வழி இதுதான், குறுக்கு வழியை நான் பார்க்கவில்லை. கூடவே செவ்வழுகல் என்கிற பூஞ்சை நோய்க்கான சோதனையும் இந்த முறை முதல் வருடமே உண்டு. கோ 0238 சர்க்கரையிலும் மகசூலிலும் வட இந்தியாவையே மாற்றிய ரகம். செவ்வழுகல் அதைத் தாக்கியபோது எத்தனை குடும்பம் தவித்தது என்று பார்த்தவர்கள் ஒற்றைக் குணத்தை மட்டும் வைத்து ரகம் தேடமாட்டார்கள்.

இதே வேலையைச் செய்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். முதல் பனிக்குப் பிறகு எதையும் பறிக்காதீர்கள், மார்ச் வரை பொறுங்கள். உறைய வைக்கும் பெட்டி வைத்திருந்தால், பெட்டியின் எண்ணை எழுதுவதற்கு முன் பருவுக்கு அடியில் அந்தக் கோடு குதித்ததா என்று பாருங்கள்.

38 வகையையும் ஆளுக்கொரு பாத்தியாகக் கோவையில் முன்கூட்டியே நட்டு வைத்திருந்தோம். இப்போது அங்கேதான் இருக்கிறேன், நவம்பர் 9. எண் 27-ல் கதிர் வெளியே வந்து உச்சி விரியத் தொடங்கிவிட்டது. 203-ல் கதிருக்கு முந்தி வரும் கொடி இலை மட்டும் குட்டையாகி நிற்கிறது, கதிர் இன்னும் உறைக்குள். தாயாக எடுக்கும் ரகம் முந்திப் பூத்து முடிந்துவிடுமோ என்று அக்காவுக்குக் கவலை. இரண்டு தாய்க் கதிரைத் தாமதமாகப் பூக்கும் பாத்தியில் இருந்து ஒதுக்கி வைத்திருக்கிறார். அயோடின் குப்பியை இப்போதே பையில் போட்டுவிட்டேன். நாளைக் காலை ஐந்தரைக்கு 27-ன் மகரந்தம் பார்க்கணும்.